சுட்ட எண்ணெய் யார் கையில் போய்ச் சேர வேண்டும்? ஒரு வார்டுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் சாலை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை எல்லாம் பேசி முடித்து, எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில் ஓர் அக்கா கேட்டார்: “பலகாரம் சுட்ட எண்ணெயை என்னதான் சார் பண்றது? சிங்க்ல ஊத்தக் கூடாதுன்னு சொல்றீங்க. குப்பையோட கொடுத்தா வண்டிக்காரம்மா வாங்க மாட்டேங்கறாங்க.” கவுன்சிலர் யோசிக்கவே இல்லை. “வண்டியில ஒரு கேனை மாட்டி விட்டாப் போச்சும்மா” என்றார். கைதட்டல். அதை ஒரு யோசனையாக எழுதித் தருகிற வேலை என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இருக்கிற வழிகளிலேயே அந்தக் கேன் வழிக்குத்தான் சிக்கல் அதிகம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு வீட்டில் மாதம் 200 மில்லி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான். அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுத்துக்கொள்கிற வீடுகளில் அதுகூட மிஞ்சாது. 500 வீடுகளுக்கு மாதம் 100 லிட்டர். கடையில் விற்கிற 15 கிலோ டின்னில் ஆறு. இன்னொரு பக்கம் ஓட்டல்களைப் பாருங்கள். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடை, எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அப்படிப்பட்ட ஒரு கடை வாசலில் வண்டி நின்றால் டின் டின்னாக ஏறும். வீடுகளிலிருந்து அதே ஆறு டின் சேர 500 வாசலில் நிற்க வேண்டும்.

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். வீட்டு எண்ணெயில் செலவு எண்ணெய்க்கு இல்லை, அதை எடுத்து வருவதற்குத்தான்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு, அவரவர் ஊற்றுகிற இடத்தில் ஊற்றிக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். ஊற்றுகிற இடம் பெரும்பாலும் சிங்க். வெந்நீரோடு ஊற்றினால் கரைந்துவிடும் என்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட ஒரு நம்பிக்கை. நான்கு அடி தள்ளிப் போய்க் குளிர்ந்ததும் குழாயின் உள்சுவரில் அது படியும், அதன்மேல் சோற்றுப் பருக்கையும் தலைமுடியும் ஒட்டும். 2017-இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கொழுப்புக் கட்டி ஒன்று கிடந்ததை உலகமே வேடிக்கை பார்த்தது. அங்கே அடைத்துக்கொள்ள ஒரு குழாயாவது இருந்தது. எங்கள் ஊரில் பாதித் தெருவுக்குப் பாதாளச் சாக்கடையே இல்லை. சிங்க்கிலிருந்து போவது மழைநீர் வடிகாலுக்குத்தான். பாலிதீன் பையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் முதல் மழைக்கே தெரு நிறையும். அதை எடுக்க யாரோ ஒருவர் கை விட வேண்டியிருக்கிறது. யார் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், எண்ணெய் இரண்டு துறைகளுக்கு நடுவில் விழுந்து கிடக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று அபாயக் கழிவுக்கான ஒப்படைப்பு மையம் வைக்கும் பொறுப்பையும் உள்ளாட்சிக்குக் கொடுத்தன. அந்தப் பட்டியலில் பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், காலாவதி மாத்திரை, பழைய பேட்டரி, ஊசி எல்லாம் பெயரோடு வந்தன. வடைச்சட்டி எண்ணெய் வரவில்லை. இன்னொரு பக்கம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சுட்ட எண்ணெயைப் பயோடீசலாக்கும் ‘ரூக்கோ’ திட்டத்தை 2018 ஆகஸ்ட்டில் தொடங்கியது. அது குறிவைத்தது ஓட்டல்களையும் பலகாரக் கடைகளையும். வீட்டு எண்ணெய்க்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆகவே, நகராட்சி நினைத்தால்தான் ஏதாவது நடக்கும்.

இனி கவுன்சிலரின் கேன். வண்டியிலேயே வாங்குவது நடக்காத காரியமில்லை, தைவானில் நடக்கிறது. அங்கே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். (நம் பேட்டரி வண்டியும் பாடுகிறது, அந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது.) பாட்டுக் கேட்டதும் மக்கள் பையோடு இறங்கித் தெருமுனைக்கு வருகிறார்கள். மறுசுழற்சிப் பொருள் வாங்கும் வண்டியில், பாட்டிலில் அடைத்த சமையல் எண்ணெயையும் கொடுக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, மக்கள் இறங்கி வருகிறார்கள் என்பதை. நம் ஏற்பாட்டில் வண்டி ஒவ்வொரு வாசலாக நிற்கிறது. 500 வீட்டில் பத்தில் ஒரு வீடு எண்ணெயோடு வந்தாலும், டம்ளரைச் சாய்த்து, சொட்டு வடியும்வரை காத்திருந்து, மூடியைத் திருகி மூட வீட்டுக்கு அரை நிமிடம் என்றால், நாளில் 25 நிமிடம் கூடுதல். அது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும் சிந்துவதை என்ன செய்வது? ஒருநாள் காலை எங்கள் தெரு வண்டியோடு கூடவே நடந்து பார்த்தேன். மேட்டில் ஏறும்போது மட்கும் குப்பைத் தொட்டியின் தண்ணீரே தளும்பி வண்டியோட்டும் அம்மாவின் கால் பக்கம் வழிகிறது. அந்த இடத்தில் எண்ணெய் என்றால் செருப்பு நிற்காது. மட்கும் குப்பையில் எண்ணெய் கலந்தால் உரக் குவியலுக்குள் காற்றுப் போகாமல் நாற்றம் எடுக்கும்; உரக்கூடத்தில் இருப்பவர்கள் அதற்கும் இந்த அம்மாவைத்தான் கேட்பார்கள். ஆண்டு முழுக்க இந்தக் கேன் வேண்டாம்.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பரவியிருக்கும் வழி வேறு. தெருவில் ஒரு பெட்டி. ஆறிய எண்ணெயைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, பாட்டிலோடு உள்ளே போட்டுவிட வேண்டியதுதான். போர்ச்சுகல் 2009-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. வீட்டு எண்ணெய் நகராட்சியின் பொறுப்பு என்றும், மக்கள்தொகைக்கு ஏற்ப இத்தனை இடத்தில் பெட்டி வைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஏட்டளவில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. போடுகிறவர் கையில் பிசுக்கு இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் பாட்டிலைத் திறப்பது, கவிழ்ப்பது, வடிய விடுவது எல்லாம் வேறொருவர் கைக்குப் போகிறது. எண்ணெய் ஒட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரும் முகம் சுளித்துத்தான் வாங்குவார். அதோடு சுட்ட எண்ணெய் இன்று விலை போகிற பொருள். ராத்திரியில் ஆளில்லாத தெருவில் அது பெட்டியில் எத்தனை நாள் இருக்கும்?

ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்துக் கதை இவற்றைவிட அழகு. அங்கே வீட்டுக்கு வீடு மூன்று லிட்டர் பிடிக்கும், மூடி இறுக்கமான சிறு வாளி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், செல்லப்பெயர் ‘ஓலி’. நிறைந்ததும் ஊரின் மறுசுழற்சி மையத்தில் கொடுத்தால், கழுவிச் சுத்தமாக்கிய காலி வாளி ஒன்று கையில் கிடைக்கும். பால் பாட்டில் காலத்து மாற்று முறைதான். இதைத் தொடங்கியது குப்பைத் துறை இல்லை. இன்ஸ்ப்ரூக்குக்குப் பக்கத்தில் சில ஊராட்சிகள் சேர்ந்து நடத்தும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சங்கம். குழாய் அடைத்தால் செலவழிக்கப் போகிறவர் யாரோ அவரே எண்ணெயை வாசலில் நிறுத்தக் கிளம்பியிருக்கிறார். நம் ஊரில் குப்பைக்கு ஒரு பிரிவு, சாக்கடைக்கு இன்னொரு பிரிவு. அடைப்பெடுக்கும் செலவு ஒருவர் கணக்கிலும், அடைப்பு வராமல் தடுக்கும் செலவு இன்னொருவர் கணக்கிலும் இருப்பதால் இரண்டாவது எப்போதும் பட்ஜெட்டில் ஏறுவதில்லை.

ஆனாலும் வாளியை நான் பரிந்துரைக்கவில்லை. அங்கே வாளிகளை வெந்நீரில் இயந்திரம் கழுவுகிறது. இங்கே யார் கழுவுவார் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் பிடிக்கவில்லை. தவிர, இறுக்கமான மூடி போட்ட நல்ல வாளி நம் வீட்டில் சுட்ட எண்ணெய்க்கென்றே கிடக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. இட்லி மாவு அதில் ஏற ஒரு வாரம் போதும்.

எஞ்சியிருப்பது கியோட்டோ. என் ஓட்டு இதற்குத்தான். ஜப்பானின் அந்தப் பழைய தலைநகரில், பருவநிலை மாநாடு நடந்த அதே 1997-இல், வீடுகளில் டெம்புரா (அவர்கள் ஊர் பஜ்ஜி) பொரித்த எண்ணெயை நகராட்சி வாங்கத் தொடங்கியது. அங்கே மாதத்தில் குறித்த நாளில், குறித்த இடத்தில் பிளாஸ்டிக் கேன் ஒன்று வைக்கப்படும். அந்தப் பகுதிக் குடியிருப்போர் குழுதான் வைக்கிறது. எண்ணெய் கொண்டுவருகிறவர் தன் கையாலேயே புனல் வழியாக ஊற்றிவிட்டு, தன் பாட்டிலைத் தானே வீட்டுக்கு எடுத்துப் போகிறார். தாவர எண்ணெய் மட்டும்தான், கொழுப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். மற்ற மூன்று வழிகளிலும் யார் கையில் பிசுக்கு ஒட்டுகிறது என்று கேட்டேன். இங்கே எண்ணெய் யாருடையதோ அவர் கையிலேயே அது நிற்கிறது. நகராட்சிக்குப் போவது நிறைந்த கேன் மட்டும். அந்த எரிபொருளில் குப்பை லாரிகள் ஓடின, பிறகு நகரப் பேருந்துகளுக்கும் கலந்து ஊற்றினார்கள். 2004-இல் நாளுக்கு 5,000 லிட்டர் தயாரிக்கும் ஆலையை நகராட்சியே கட்டியது.

அந்த ஆலையைப் பார்த்து மயங்கக் கூடாது. கியோட்டோவிலேயே வீட்டு எண்ணெய் மட்டும் போதாமல் உணவகங்களின் எண்ணெயும் சேர்ந்துதான் ஆலை ஓடியது. நம் கவுன்சிலருக்கு “நம்ம வண்டிக்கு நம்மளே டீசல் காய்ச்சலாமே” என்று ஓர் ஆசை உண்டு. பத்துப் பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்குக்கு மேல் மெத்தனால் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதே மெத்தனால்தான். அதை டிரம் கணக்கில் வார்டு ஷெட்டில் வைத்துப் பூட்டிக் காவல் காப்பது நகராட்சிக்கு வேண்டாத தலைவலி. எண்ணெயில் ஈரமும், பலமுறை சுட்டதால் வரும் கொழுப்பமிலமும் கூடினால் டீசலுக்குப் பதில் சவர்க்கார நுரைதான் பொங்கும். அந்தத் தொழிலை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுவதே மேல்.

பழைய பேப்பர்காரரிடம் விட்டுவிடுவது என்ற வழியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செலவே இல்லாத வழி அது. லிட்டருக்கு ஏதோ ஒரு காசு தருவார், வீட்டம்மாவுக்கும் சந்தோஷம். கேள்வி அதற்கு அடுத்த கடையைப் பற்றியது. தட்டுவண்டியில் பஜ்ஜி போடுகிறவர் புது எண்ணெய் விலைக்குத் தவிக்கிறார். வடிகட்டி வெளுப்பாக்கிய எண்ணெயைப் பார்த்தால் எது புதுசு, எது பழசு என்று கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குக்கூடத் தெரியாமல் சிக்கு வாடையை எடுத்துவிட முடியும். எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுடும்போது சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி ஆய்வாளரிடம் இருக்கும், பஜ்ஜி வாங்குகிற நம்மிடம் இருக்காது. தைவானில் 2014-இல் கழிவு எண்ணெயைச் சுத்தப்படுத்திச் சமையல் கொழுப்போடு கலந்து விற்றது வெளியே வந்தபோது, பேக்கரி முதல் பெரிய நிறுவனங்கள் வரை பண்டங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. தெருத் தெருவாகப் பாட்டுப் போட்டு எண்ணெய் வாங்குகிற ஊரிலேயே அந்த நிலை.

அதனால்தான் நகராட்சியின் உண்மையான வேலை எண்ணெயைச் சேகரிப்பது என்று நான் நினைக்கவில்லை. சேர்ந்த எண்ணெய் மறுபடி சட்டிக்குள் போகாதபடி பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. எத்தனை கேன் எந்தத் தேதியில் கிளம்பியது, எந்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது, எடை எவ்வளவு என்ற மூன்று வரி போதும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் எழுதப்பட வேண்டும். இன்னொன்றும் தோன்றுகிறது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டது எதற்கு? டீசலில் கலந்தால் காட்டிக்கொடுக்கத்தான். கேனுக்குள் அதுபோல ஒரு சாயச் சொட்டு விட்டால் அந்த எண்ணெயில் யாரும் பஜ்ஜி போட மாட்டார்கள். ஆலைக்காரருக்கு ஆட்சேபம் இல்லையா என்று கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

சோப்பு. எந்தக் கூட்டத்திலும் இந்த யோசனை வராமல் இருக்காது. மகளிர் குழுவுக்குக் கொடுத்துச் சோப்புப் போடச் சொல்லலாமே என்பார்கள். இதற்கு நல்ல முன்னோடி உண்டு. ஜப்பானின் பீவா ஏரியில் 1977-இல் செம்பாசி படர்ந்து நாறியபோது, சுற்றியிருந்த ஊர்ப் பெண்கள், பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளை விட்டுவிட்டுச் சுட்ட எண்ணெயில் செய்த சோப்புக்கு மாறினார்கள். இரண்டு ஆண்டில் பாஸ்பேட் சலவைத்தூளுக்கு மாகாண அரசே தடைச் சட்டம் கொண்டுவந்தது. நம் வீடுகளில் இருக்கிற சிக்கல் எண்ணெயின் கலவை. 100 கிராம் தேங்காயெண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா சுமார் 18 கிராம் தேவை. கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் 13 கிராம் சொச்சம். ஒரு வீட்டில் கடலை, அடுத்த வீட்டில் ரேஷன் பாமாயில், மேல்மாடியில் தேங்காயெண்ணெய் என்று எல்லாம் ஒரே கேனில் விழுந்தால் எந்தக் கணக்கில் போடுவது? கூடினால் கையைத் தின்னும், குறைந்தால் சோப்பு பிசுபிசுக்கும். தரை துடைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் கொஞ்சம் செய்து பார்க்கட்டும், தவறில்லை. வார்டின் எண்ணெய்க்கே அதுதான் போக்கிடம் என்று நம்பக் கூடாது.

இரண்டு கரண்டி மட்டும் மிஞ்சுகிற வீட்டுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. சட்டியைச் செய்தித்தாளால் துடைத்து மட்கும் குப்பையில் போட்டால் போதும். ஜப்பானியர் இதற்கு ஒரு பொடி விற்கிறார்கள்; சூடான எண்ணெயில் கலக்கி ஆறவிட்டால் கட்டியாக உறைந்து தோசை மாதிரி பெயர்ந்து வரும். அந்தப் பொடியின் மூலப்பொருள் ஆமணக்கெண்ணெய். உலகத்திலேயே அதிக ஆமணக்கு விளைவது நம் நாட்டில். எங்கள் ஊர்க் கடைகளில் அந்தப் பொடி கண்ணில் படாதது வியப்புதான்.

வண்டி எஞ்சின் ஆயிலை மட்டும் இந்தக் கேன் பக்கமே விடக் கூடாது. அது அபாயக் கழிவு, அதற்கு வேறு விதிகள். 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்களுக்கே திரும்பப் பெறும் பொறுப்பும் வந்திருக்கிறது. ஒரு லிட்டர் கலந்தாலும் கேன் முழுக்கப் பாழ். புனல் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு பேராசை இருந்தது: ரேஷன் கடை. 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் அங்கிருந்துதான் வீட்டுக்கு வருகிறது, மாதம் ஒருமுறை எல்லாரும் போகிற இடமும் அதுதான். ஆனால் அது கூட்டுறவுத் துறையின் கீழ் இருக்கிறது, கடை ஊழியருக்கு ஏற்கெனவே கைரேகை இயந்திரத்தோடு மல்லுக்கட்டு, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கேன் என்றால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதை விட்டுவிட்டு, உரக்கூடத்தின் வெளிவாசலில், மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஏழு முதல் ஒன்பது வரை என்று எழுதியிருக்கிறேன். 20 லிட்டர் கேன்கள், மேலே கம்பி வலை போட்ட பெரிய புனல், குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு பேர்.

கேனை எடுக்கத் தனி வண்டி கேட்கவில்லை. எங்கள் கடைத்தெருவில் ஓட்டல் எண்ணெய் எடுக்க உரிமம் பெற்ற வண்டி ஏற்கெனவே வருகிறது. அடுத்த டெண்டரில் ஒரு வரி சேர்த்து, அதே நாளில் உரக்கூடத்துக்கும் வந்து ஆறு டின் எண்ணெயையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னால் போதும். 500 வீட்டு எண்ணெய் தனக்கென்று ஒரு வண்டியைத் தாங்காது, ஓட்டல் வண்டியில் ஓரமாக இடம் கேட்டால் போய்விடும். வருகிற பணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை உரக்கூடத் தொழிலாளர் கணக்கில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வரியை அலுவலகத்தில் அடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கவுன்சிலருக்கு வண்டியில் கேன் மாட்டும் ஆசை இன்னும் போகவில்லை. தீபாவளிக்கு அடுத்த ஒரு வாரம் மட்டும் மாட்டலாம். அந்த வாரம்தான் முறுக்குச் சட்டியில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஒவ்வொரு வீட்டிலும் மிஞ்சி நிற்கும், வாசலில் நிற்பதும் வீண்போகாது. அப்போதும் பாட்டிலில் ஊற்றி மூடித்தான் தர வேண்டும், வண்டிக்கு ஓர் ஆள் கூடுதலாக வர வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். கடைசி வரியாக, புனலையும் கேனையும் யார் கழுவுவது என்று பெயர் போட்டு நிரப்ப ஒரு கோடு விட்டிருக்கிறேன். அந்தக் கோடு நிரம்பாமல் தீர்மானத்துக்குப் போகக் கூடாது என்று அந்த அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.